நாலு சென்டிமீட்டர்

அடப்பாற்றின் கடைசி ரெகுலேட்டரில்
எட்டு ஷட்டர். மூன்றாவது துருவேறி முரண்டு பிடிக்கும்.
காலை ஆறு, மாலை ஆறு
மேல்புறம் இவ்வளவு, கீழ்புறம் இவ்வளவு என்று
நோட்டில் எழுதுவது என் வேலை.
பதினோரு வருஷம்.
நீர் குறைந்தால் எங்கே போயிற்றென்று
எனக்குச் சொல்லத் தெரியும்.

நாகப்பட்டினத்தில் ஸ்கேன் பார்த்த பெண்
வாலண்டினாவின் வயிற்றை நாலு வயலாகப் பிரித்து
ஒவ்வொன்றிலும் ஆழம் அளந்தாள்.
ஒன்றரை. ஒன்று. ஒன்றுமில்லை. ஒன்றரை.
ஆக நாலு சென்டிமீட்டர்.
இருபத்தேழு வாரத்துக்கு
இதுபோல் மூன்று மடங்கு இருக்கணும் என்றாள்,
திரையைப் பார்த்தபடியே.

எங்கே போயிற்று?

டாக்டர் ரஹ்மத்துனிசா கேட்டார்:
தண்ணி உடைஞ்சுதா, துணி நனைஞ்சுதா?
இல்லை.
என்ன மாத்திரை சாப்பிடுறே?
அவள் பர்ஸிலிருந்து அட்டையை எடுத்தாள்.
பாதி காலி.
டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு
பெயரை இன்னொரு தடவை படித்தார்.

அந்த அட்டையை வாங்கியவன் நான்.
வழக்கமான மாத்திரை ஸ்டாக் இல்லை,
இதுவும் பிரஷருக்குத்தான் என்றான் கடைக்காரன்.
மழை வரும்போல் இருந்தது.
ஆறு ரூபாய் குறைவு வேறு.

வயிற்றுக்குள் இருப்பது
பிள்ளை பெய்த நீர்தானாம்.
குடிக்கும், பெய்யும், பெய்ததையே குடிக்கும்.
அம்மாவின் ரத்தத்தைவிட உப்புக் குறைந்தது.
உப்பைப் பிடித்து வைக்க
அந்தச் சின்னச் சிறுநீரகத்துக்கு இன்னும் கை வரவில்லை,
இப்போதைக்கு நஞ்சுக்கொடிதான் கணக்குப் பார்க்கிறது,
கொடி அறுத்த நிமிஷத்தில் கணக்கு
பிள்ளை கைக்கு வந்துவிடும் என்றார்.

அப்புறம் மருந்துச் சீட்டின் பின்பக்கம்
ஒரு குழாய் வரைந்தார். நடுவில் ஒரு வடிகட்டி.
ரத்தம் வடிகட்டியில் ஏற அழுத்தம் வேணும்.
அதுக்குப் பிள்ளையே ஒரு ஹார்மோன் விட்டு
வடிகட்டிக்கு அந்தப்பக்கம் குழாயை இறுக்கும்.
நான் கேட்டேன்:
ஆற்றுக்குக் குறுக்கே ஷட்டரை இறக்கி
மட்டத்தை ஏற்றி
வாய்க்காலுக்குத் திருப்புவோமே, அதுவா?
டாக்டர் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார்.
அதேதான்.
இந்த மாத்திரை அந்த ஷட்டரைத் தூக்கிடுச்சு.

ஆறு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.
வாய்க்காலில் ஏறவில்லை.
எத்தனை வருஷம் கடைமடைக்காரர்கள் வந்து
என்னிடம் சொன்ன வழக்கு இது.
மூன்று வாரமாய் என் வீட்டுக்குள் நடந்திருக்கிறது
என் ஆறு ரூபாயில்.

மாத்திரை மாறியது.
இனிப் பார்க்கணும், உறுதி சொல்ல முடியாது என்றார்.
பஸ்ஸில் வாலண்டினா எதுவும் கேட்கவில்லை.
திருப்பூண்டி தாண்டியதும்
கடலை வாங்கச் சொன்னாள். வாங்கினேன்.
உப்புப் போடாததா பார்த்தியா என்றாள்.

பௌர்ணமிக்கு ஓதம் ஏறியது.
கடல் ஆற்றுக்குள் நடந்து வரும் ராத்திரி அது.
எட்டையும் இறக்கினேன்,
மூன்றாவதுக்குக் கைப்பிடியில் தொங்கி.
அடியில் கசிந்ததை விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன்.
கரித்தது.
வீட்டில் அவள் இடதுபக்கம் ஒருக்களித்துக் கிடப்பாள்.
அவளுக்குள் நெல்லிக்காய் அளவில் இரண்டு லஸ்கர்கள்,
சம்பளம் இல்லை, டார்ச் இல்லை,
மேலிடத்துப் போன் இல்லை,
இருட்டில் தங்கள் ஷட்டரைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.
இறக்குங்கடா என்றேன், சத்தமாகவே.
மறுகரையில் நண்டு பிடித்தவன் டார்ச்சைத் திருப்பினான்.

பதின்மூன்றாம் நாள் மறுபடி நாலு வயல்.
இரண்டு. ஒன்றரை. ஒன்று. இரண்டரை.
ஏழு.
போதாது என்றார் டாக்டர்.
ஆனா ஏறுது.

அன்று மாலை ஆறு மணிக்கு
மேல்புறம் என்ற கட்டத்தில்
ஏழு சென்டிமீட்டர் என்று எழுதியிருக்கிறேன்.
உதவிப் பொறியாளர் கண்டுபிடித்துக் கேட்டார்.
தப்பை அடித்தாலும்
கீழே இருப்பது படிக்கத் தெரியணும் என்பது விதி.
ஒரே கோடு போட்டேன்.
பக்கத்தில் கையெழுத்தும் தேதியும்.