இன்னும் உள்ளே

வெள்ளவத்தையில் பிறின்ற் ஒரு பக்கம் இருபது ரூபாய்.
கறுப்புக் கட்டத்துக்குப் போனைக் காட்டி
என் கொம்பியூட்டருக்குள் வந்தாள்,
எட்டுப் பக்கக் கடிதம் எடுத்தாள்,
மிச்சக் காசை எண்ணாமல்
நூறாம் நம்பர் பஸ்ஸில் தொங்கிப் போய்விட்டாள்.

வட்ஸ்அப் போகவில்லை.
ஐந்தரைக்குப் பட்டியலின் உச்சிக்கு ஏறுகிறது ஒரு பெயர்:
'எடுக்காதே.'
அப்படித்தான் பதிந்து வைத்திருக்கிறாள்.

'மழை வரப்போகுது. குடை கொண்டு போனனியோ?'

கொண்டுதான் வந்தாள்.
போட்டோக்கொப்பி மெசினில் சாய்ந்து நிற்கிறது, ஊதாக் குடை.

தொட்டால் இரண்டு சரியும் நீலமாகும்.
வாசித்துவிட்டாள் என்று அங்கே ஓர் ஆள்
கதிரையை விட்டு எழும்பக்கூடும்.
என் விரலுக்கு அந்த உரிமை இல்லை.
'வெளியேறு' என்பதை அமத்தியிருக்கலாம்தான்.
அமத்தவில்லை.
பொய் ஏன், அடுத்ததையும் பார்க்க ஆசை.

எழுதுகிறார்…
எழுதுகிறார்…
நின்றுவிட்டார்.

காலி வீதியில் மழை பிடித்துக்கொண்டது.
பம்பலப்பிட்டிக்குக் கிட்ட எங்கோ ஞாபகம் வந்திருக்கவேண்டும்,
நனைந்த போனிலிருந்தே கதவைச் சாத்தினாள்.
திரை வெளுத்து, மறுபடி கறுப்புக் கட்டம்.

'அண்ணை, ஒரு பிறின்ற்' என்கிறான் ஒரு பெடியன்.
கொஞ்சம் நில்லும் என்றேன்.
குடையைக் கண்ணாடிக் கதவோரம் மாற்றி வைத்தேன்,
வீதியிலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி.