ஒலி முந்தி ஓடும்

மெம்ஃபிஸ், 1949

ஓடெல்,
உன் படம் இங்கே வந்துவிட்டது.
சலவைக்கூடத்தில் அரைநாள் சம்பளத்தை விட்டுவிட்டு
பக்கத்துச் சந்தில் நமக்கென்று வைத்த
இரும்புப் படிகளில் ஏறினேன்.
அறுபத்திரண்டு படி.
யூலாலி கைக்குழந்தையோடு வந்தாள்.
நீ எழுதியிருந்தாயே:
மூன்றாம் ரீல், மதுக்கூடம், வெள்ளைக் கோட்டு,
முழுசாக நான்கு நிமிடம்.

முதல் ரீலில் நம்மவர் ஒருவர்
பெட்டி தூக்கினார், "சரிங்கய்யா" என்றார்,
ரயில் போய்விட்டது.
இரண்டாவதில் ஒரு வேலைக்காரி
கதவைத் திறந்தாள், பிணத்தைப் பார்த்து அலறினாள்.
அந்த வீட்டில் யார் வந்தார், யார் போனார்,
எந்தச் சட்டையில் என்ன கறை,
எல்லாம் அவளுக்குத்தானே தெரியும்?
துப்பறிகிறவன் ஊரையே கேட்டான்
அவளைத் தவிர.
கேட்டிருந்தால் படம் அரைமணியில் முடிந்திருக்கும்.
சீனக் கடைக்காரன் ஒருவன் வந்தான்.
இழுத்து ஒட்டிய கண்ணோரத்தில்
பசைநாடா பளபளத்தது.

ஆனால் என்ன நிழல், ஓடெல், என்ன நிழல்!
சன்னல் சட்டங்களின் நிழல் சுவரெல்லாம் கோடு போட
தொப்பி விளிம்பின் நிழலில் ஒரு கண் மட்டும் மிதக்க
இருட்டை இவ்வளவு சீராட்டுகிறவர்கள்
இருட்டு நிறத்தில் ஒருவன் வந்து நின்றால்
விளக்கை ஏன் திருப்பிக்கொள்கிறார்கள்?

பிறகு மதுக்கூடம்.
யூலாலி என் கையைப் பிடித்தாள்.
அவன் உட்கார்ந்தான். கோப்பை நிறைய விஸ்கி.
திரை ஒருமுறை துள்ளியது.
கோப்பை காலி.
சிகரெட் விரலைச் சுடும் அளவுக்குக் குறைந்திருந்தது.
அவன் எழுந்து போனான்.

நீ இல்லை.

ஆனால் அந்தக் காலிக் கோப்பையின் மேல்
எங்கிருந்தோ ஒரே ஒரு பியானோ அடி.
அதில் ஒரு சுரம் மட்டும் மயிரிழை பிந்தி விழுந்தது.
ஐஸ் வண்டிச் சக்கரம் ஏறிய
உன் இடது சுண்டுவிரல்.
எத்தனை பேர் வாசித்தாலும் எனக்குத் தெரியாதா?

*

உன் பதில் நேற்று வந்தது.
உன் காட்சியை முதலிலேயே அப்படித்தான் எழுதினார்களாமே,
கதை உன்மேல் சாயாமல்,
பிரித்தெடுத்தாலும் கோட்டு கிழியாத
மேல்தையல் பைபோல.
எந்த ஊர்க்காரனுக்கு உறுத்துகிறதோ
அந்த ஊர்க் கத்தரி எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொன்றும் எழுதியிருந்தாய்.
ஸ்டூடியோவில் ஃபிலிம் ஒட்டுகிறாளே ஹிசாயே மொரினாகா,
மூன்று வருஷம் முள்வேலி முகாமில் இருந்து திரும்பியவள்,
தன் சாயலில் ஒரு முகத்தையும்
இன்னும் ஒட்டாதவள்,
அவள் சொன்னாளாம்:
சுருளில் ஒலி எப்போதும்
தன் படத்துக்கு இருபது ஃபிரேம் முந்தி ஓடும்.
முகம் தொடங்கும் இடம் பார்த்துத்தான் வெட்டுவார்கள்.
அதற்குள் உன் விரல்
அந்தப் பக்கம் தாண்டியிருக்கும்.

ஒரு நொடிகூட இல்லை என்று வருத்தப்பட்டிருந்தாய்.
நான் வருத்தப்படவில்லை என்று பொய் சொல்லமாட்டேன்.
நேற்றிரவு கோபத்தில் நான்கு சட்டைகளைத் தீய்த்தேன்.
அவற்றில் ஒன்று
தணிக்கைக் குழுக்காரருடையது என்கிறார்கள்.
இருக்கட்டும்.

வெள்ளிக்கிழமை கடைசி ஆட்டம்.
தேவாலயத்திலிருந்து பதினேழு பேர் வருகிறார்கள்.
முட்டிவலியோடு மிஸ் ஆர்டெலியாவும் படி ஏறுவாளாம்.
அவர்களிடம் ஒன்றுதான் சொல்லியிருக்கிறேன்:
திரையைப் பார்க்க வேண்டாம்.
கோப்பை காலியானதும்
மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

வெர்னீஸ்