ஒருவருக்கான கோடு

நான் எடைக்கற்களைச் சோதிப்பவன்.
சகாத்தா துறைமுகத்தின் அரிசி மண்டி, மீன் சந்தை எங்கும்
என் பித்தளைப் பெட்டியைக் கண்டால் பேச்சு நிற்கும்.
முத்திரையில்லாத படியை
அங்கேயே உடைத்துவிடுவேன்.

மிசாவோவுக்கு இருபத்தெட்டு.
இகரஷி அம்மாள் தந்த புகைப்படம்
இரண்டு மாதமாகத் தேயிலை டப்பாவுக்கு அடியில்.
எடுத்துப் பார்க்கவில்லை,
திருப்பிக் கொடுக்கவும் இல்லை.
தராசு முள் நடுவில் நின்றால்
இரு தட்டும் சமம் என்று பொருள்.
அல்லது முள் துருப்பிடித்திருக்கிறது.

"அகிதாவில் தபால் ஆபீஸ் வேலை.
கெட்டவனாகத் தெரியவில்லை" என்றேன்.
"உங்களுக்கு யார் சோறு பொங்குவது?"
"எனக்குத் தெரியும்."
தெரியாது.
தாய் போன இரவு
அடுப்பை மூட்டியது அவள்தான், பதின்மூன்று வயதில்.
ஊரார் தராசில் விரல் வைத்தால் பிடிப்பவன்
அன்று என் தட்டில் நானே விரல் வைத்தேன்.

கல்யாணக் காலையில் பனி முழங்கால் வரை.
தலையில் அந்த வெள்ளைத் துணி,
பெண்ணின் கொம்பை மறைக்கவாம்.
வாசலில் வாடகைக் கார் இருமிக்கொண்டிருந்தது.
கை ஊன்றி, நெற்றி பாயைத் தொடக் குனிந்தாள்.
எல்லாப் பெண்களும் சொல்லும் அந்த வார்த்தைகளுக்காகக் காத்திருந்தேன்,
பதிலைக்கூட ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன்.
"மண்ணெண்ணெய்க்காரருக்கு
இருபதாம் தேதி வரை கொடுத்தாயிற்று" என்றாள்.
"சரி" என்றேன்.

மூன்று நாள் ரயிலடிக் கடையில் நூடுல்ஸ்.
நான்காம் நாள்
இரும்புப் பானையின் மூடியைத் திறந்தேன்.
உள்ளே ஆணியால் கீறிய கோணல் கோடு:
இருவருக்கு. சிறுமியின் கை.
அதற்குக் கீழே நேராக இன்னொன்று.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு
ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தேன்.
கீறலின் வயதைச் சொல்வது என் தொழில்.
இது போன வாரத்தது அல்ல,
இந்த வருடத்ததும் அல்ல.
கரி ஏறி, விளிம்பு மழுங்கி
குறைந்தது மூன்று வருடம்.

மூன்று வருடமாகத்
தினமும் அந்தக் கோட்டைத் தாண்டித்
தண்ணீர் ஊற்றியிருக்கிறாள்.

போகக் காத்திருந்தாளா,
போகச் சொல்லிவிடுவேனோ என்று பயந்திருந்தாளா?
பெட்டியிலுள்ள எந்தக் கல்லும் அதற்குப் பயன்படவில்லை.

கோடு மறையும்வரை ஊற்றினேன்.
ஒரு கரண்டி வெளியே எடுத்தேன், கோடு தெரிந்தது.

சோறு கொஞ்சம் குழைந்துதான் வந்தது.
அளவு தப்பு என்று முதலில் நினைத்தேன்.
பிறகு மென்று பார்த்தேன், வலது பக்கமாக.

இடப்பக்கக் கடைவாய்ப்பல் ஆடுவதை
அவளிடம் நான் சொன்னதேயில்லை.