பதினொரு பிறேம்

லாண்ட்மாஸ்டரை விற்றுத்தான் உதயசீலன் அந்தப் படத்தை எடுத்தான்.
இரண்டு மணி ஐந்து நிமிடம்.
எழுதின அளவில் அதில் ஒரு பகிடியும் இல்லை.

மல்லாவி, பலநோக்குக் கூட்டுறவுச் சங்க மண்டபம்.
இரண்டு வேட்டியைப் பொருத்தித் தைத்த திரை.
தையல் கதாநாயகனின் மூக்கால் இறங்கியது.
அழும்போது ஒரு கண் இந்த வேட்டியில்,
மற்றது அந்த வேட்டியில்.

வெட்டி ஒட்டினவன் நான்,
கலியாண வீடியோக்காரன்.
கத்திக்குத்து நடக்கையில்
நாலு மூலையிலும் ரோசாப்பூ சுழன்று விரிந்ததென்றால்
அந்தப் பழி என்னுடையது.

வில்லன் பாதிப் படத்தில் கட்டாருக்குப் போய்விட்டான்.
மிச்சத்தை அவன்ரை மச்சான் நடித்தான், ஹெல்மெட்டோடு.
ஹெல்மெட்டோடு காணி பறித்தான்.
கண்ணாடியை ஒரு விரலால் தூக்கித் தேத்தண்ணி குடித்தான்.
"என்ரை முகத்தை மறந்திட்டியோ?" என்று
ஹெல்மெட்டுக்குள்ளிருந்து கேட்டான்.
சனம் ஆளையாள் பார்த்தது.
ஒருத்தரும் சிரிக்கவில்லை, இன்னும்.

கதவால் உள்ளே போன நாயகனுக்கு நீலச் சட்டை,
அந்தப் பக்கத்தால் வந்தவனுக்கு மஞ்சள்.
இடையில் ஒரு பெரும்போகம் விதைத்து
அறுத்தும் முடிந்திருந்தது.
மீசை சாட்சி.

பிறகு அந்தச் செத்தவீடு.

பிணம், பஸ் கொண்டக்டர் நந்தீசன்.
மூக்கில் பஞ்சு, நெற்றியில் திருநீறு,
தலைமாட்டில் குத்துவிளக்கு.
தாய் கதறுகிறா. எங்கேயோ ஒரு மயில்
அவவை விட நல்லாக் கதறுகிறது.
சொண்டில் வந்து இருந்தது ஒரு இலையான்.

மண்டபம் முழுதும் மூச்சை அடக்கினது.
நந்தீசனும் அடக்கினான்.
இலையான் கன்னத்தால் ஏறி, இமையடிக்குப் போனது.
ஆறுதலாக, அளவெடுக்கிறமாதிரி.

பிணம் கண்ணைச் சிமிட்டியது.

"ஐயோ, அவனுக்கு உயிர் கிடக்கு! தூக்காதேங்கோ!"

மூன்றாம் வரிசை. புஸ்பமலர்.
அந்த வைகாசியில்
படங்கை நீக்கி நீக்கிப் பார்த்துக்கொண்டு போனவள்.
ஒரு முகமும் இமைக்கவில்லை அவளுக்கு.
மண்டபத்தில் எல்லாருக்கும் அது தெரியும்.
அதனால் ஒரு கணம் ஜெனரேட்டர் மட்டும் இரைந்தது.

பிறகு அவளே சிரித்தாள்.
வாயைப் பொத்தி, பொத்த முடியாமல்,
முன்கதிரையைப் பிடித்துக் குனிந்து.
பிறகு எல்லாரும்.
பாடை தூக்கினவர்கள் ஒழுங்கைக்குத் திரும்ப
"இறக்கு, இறக்கு" என்று பொடியள் கத்தினாங்கள்.
ஹெல்மெட் வந்து மலர்வளையம் வைத்தபோது
கதிரை இரண்டு முறிந்தது.

உதயசீலன் வெளியில் நின்றான்,
ஜெனரேட்டருக்குப் பின்னால்.
எண்ணெய் பார்க்கிறானாம்.

நான் கனநாள் யோசித்தேன்.
பொய்யைப் பிசகாமல் சொன்ன ஆட்களை
நாங்கள் போதுமட்டும் கேட்டிருக்கிறோம்,
மேடை, மைக், மொழிபெயர்ப்பாளர் சகிதம்.
இவன் நெஞ்சில் கை வைத்து ஒரு பொய் சொல்ல வந்தான்,
ஒரு இலையானுக்கு அது தெரியவில்லை.
வேறு விளக்கம் என்னிடம் இல்லை.

அடுத்த வருசம் பகிடிப்படம் எடுத்தான்.
பிணம் தும்மியது. ஏப்பம் விட்டது.
இலையானைக் கம்பியூட்டரில் செய்து தந்தேன்,
அது சொன்ன இடத்தில் இருந்தது, சொன்ன நேரத்தில் பறந்தது.
மண்டபத்தில் ஆரோ கதிரையை இழுத்த சத்தம்.
புஸ்பமலர் இடைவேளையோடு எழும்பிப் போனாள்,
மாட்டுக்குத் தண்ணி வைக்கவேணுமாம்.

போன கிழமை கடைக்கு வந்தான்.
முதல் படத்தை வெளிநாட்டுப் போட்டி ஒன்றுக்கு அனுப்பப் போகிறானாம்.
"அந்தக் கண் சிமிட்டினதை மட்டும் வெட்டி எடு."

எண்ணிப் பார்த்தேன். பதினொரு பிறேம்.
அரைச் செக்கனும் இல்லை.
"ஹார்ட்டிஸ்க் பழுது, அந்த இடத்தைத் தொட்டால்
முழுக்கப் போயிடும்" என்றேன்.

என்னைப் பார்த்தான். திரையைப் பார்த்தான்.
அங்கே நந்தீசன்,
சிமிட்டுவதற்கு முன் பிறேமில்,
கடுமையாகச் செத்துக்கொண்டிருந்தான்.

"அப்ப அந்த ரோசாப்பூவை எண்டாலும் எடு."

அதை எடுத்துவிட்டேன்.