எட்டு மணி நேரப் பிழை

மஸ்ஜித் நெகரி சாலைத் தடுப்பில்
கல்லூரி முத்திரை குத்திய என் கடிதத்தை
போலீஸ்காரர் திருப்பித் திருப்பிப் படித்தார்.
"பூட்டிய கல்லூரியில் என்ன வேலை?"
வகுப்பறை கட்டப் போகிறேன் என்றேன்.
பின்னிருக்கையை எட்டிப் பார்த்தார்.
ஒரு மடிக்கணினி, ஒரு போர்வை,
இரண்டு பாக்கெட் பிஸ்கட்.
போகச் சொல்லிக் கையை ஆட்டினார்.

மூன்றாம் மாடி. சர்வர் அறை.
முந்நூறு பேருக்கென்று வாங்கிய இயந்திரம்.
திங்கள்கிழமை காலை அதன் வாசலில்
நாலாயிரத்து இருநூறு பேர்.
ஒன்பது மணிக்குப் படுத்தது.
ஒன்பதே காலுக்கு எழுப்பி உட்கார வைத்தேன்.
ஒன்பது இருபதுக்கு மறுபடி,
வட்டிக்காரன் கதவைத் தட்டும்போது
விளக்கை அணைத்துக்கொள்ளும் வீட்டைப் போல
மூச்சுக் காட்டாமல் கிடந்தது.

தொலைபேசி மட்டும் படுக்கவே இல்லை.
கணக்கியல் மிஸ் கூ பீ லெங்
வெண்பலகை எங்கே என்று கேட்டார்.
திரையின் இடப்பக்கம் என்றேன்.
"அழிப்பான்?"
அதற்குப் பக்கத்தில்தான்.
இருபத்தாறு வருடம் நின்றே பாடம் எடுத்தவர்,
உட்கார்ந்தால் வாய் வரவில்லை என்றார்.
அதற்கு என்னிடம் பொத்தான் இல்லை.

என்சிக் ரொஸ்லான்
ஐம்பது நிமிடப் பாடத்தை
ஒலியை அடைத்துவிட்டே நடத்தி முடித்திருந்தார்.
ஒருவரும் சொல்லவில்லையாம்.
"மரியாதையா, தூக்கமா?" என்று
என்னிடம் கேட்டார்,
எனக்குத் தெரியும் என்பதைப் போல.

தவநேசன் சாருடைய மோட்டார்ப் பாடத்தில்
பதினோராவது நிமிடம் அவர் மகள் அழுகிறாள்.
வெட்டிவிடு தம்பி என்றார்.
சரி சார் என்றேன்.
வெட்டவில்லை.

ஏப்ரல் இரண்டாம் வாரத்தில்தான் பிழை கண்ணில் பட்டது.
முதல் நாள் பின்னிரவில்
ஊர்களின் பட்டியலில்
கோலாலம்பூர் வரை இறங்கியிருக்க வேண்டும்.
தூக்கக் கலக்கத்தில் மேலேயே நின்றுவிட்டேன்.
அன்றிலிருந்து இயந்திரம்
பினாங்கில் உட்கார்ந்துகொண்டு
கிரீன்விச் நேரத்தில் வாழ்ந்திருக்கிறது.
ஜெலுத்தோங் பசியாறும் நேரத்தில்தான்
அதற்கு நள்ளிரவு.

இரவு 11.59-க்கு மூட வேண்டிய பணிகள் எல்லாம்
காலை 7.59 வரை
திறந்தே கிடந்திருக்கின்றன.

பதிவேட்டை எடுத்து
ஒவ்வொரு வரியிலும் எட்டைக் கூட்டிக் கூட்டிப் படித்தேன்.
நள்ளிரவுக்குப் பின் வந்தவர்கள்
அறுபத்தொரு பேர்.
திறந்திருப்பது தெரியாமலே
வந்து தள்ளிப் பார்த்தவர்கள்.

அதில் ஒருவன் நிபோங் தெபால்.
எல்லா வாரமும் இரண்டு, இரண்டரை மணி.
கையால் எழுதிய தாள்களைப் படமெடுத்து
ஒவ்வொன்றாக, ஒவ்வொன்றாக ஏற்றியிருக்கிறான்.
ஓரத்தில் தாளை அமுக்கிய கட்டைவிரல்.
குறிப்புப் பெட்டியில் எப்போதும் அதே வரி:
"தாமதத்துக்கு மன்னிக்கவும்.
அம்மா கையுறைத் தொழிற்சாலையிலிருந்து
வந்த பிறகுதான் கைப்பேசி."
அதற்கு நேர் கீழே
இயந்திரம் பச்சை எழுத்தில் போட்டிருந்தது:
உரிய நேரத்தில் பெறப்பட்டது.

வெள்ளிக்கிழமைக்குள்
பிழைகள் அனைத்தும் தீர்ந்திருக்க வேண்டும் என்று
துறைத்தலைவர் குணாளன் எழுதியிருந்தார்.
பட்டியலில் முப்பத்தேழு.
முப்பத்தாறைத் தீர்த்தேன், இரவு பகல் பாராமல்.
அப்படியெல்லாம் நான் வேலை செய்கிறவன் இல்லை.
மிச்சமிருந்த ஒன்றுக்கு எதிரே
'அவசரம்: குறைவு' என்று தட்டினேன்.
விளக்கம் கேட்கும் கட்டத்தில்
ஒரு புள்ளி வைத்தேன்;
காலியாக விட்டால் அது ஏற்றுக்கொள்வதில்லை.

பிறகு போர்வையை மடித்து வைத்துவிட்டு
கடைசி பிஸ்கட்டோடு
படிக்கட்டில் மடிக்கணினியைத் திறந்து உட்கார்ந்தேன்.
கீழே வண்டி நிறுத்துமிடம் முழுக்க
மைனாக்கள் மட்டும்.
இன்னும் இரண்டு பேர் பாக்கி.
ஒன்று வந்தது.
கொஞ்சம் பொறுத்து மற்றது,
பாதி ஏறி, நின்று, மறுபடி ஏறி.

திரையில் இரவு 11.57.
முழங்காலில் வெயில் சுட்டது.