வெறும் எண்ணெய்

மூன்று கூண்டுகள்.
முதல் கூண்டில் எலிகள் இருந்தபடியே.
இரண்டாவதில் விதை நீக்கியவை,
தினமும் காலை ஓர் ஊசி,
நல்லெண்ணெயில் கரைத்த டெஸ்டோஸ்டிரோன்.
மூன்றாவதிலும் விதை நீக்கியவைதாம்.
அவற்றுக்கு வெறும் எண்ணெய்.

எண்ணெய், மன்னார்குடிக் கடைத்தெருச் செக்கில் ஆட்டியது.
எலியைப் பிடித்துக் கொடுப்பவர்
விலங்குக்கூட உதவியாளர் உத்திராபதி.
ஆறு வருடத்தில் ஓர் எலியும் அவரைக் கடித்ததில்லை.

பதினைந்தாம் நாள் அறுத்தோம்.
மூன்றாம் கூண்டின் புராஸ்டேட் சுரப்பிகள்
உளுந்தளவுக்குச் சுருங்கியிருந்தன.
அரைத்தேன், வடித்தேன், கணக்காய் அரைமணி காத்தேன்.
காரம் இரண்டு சொட்டு விட்டதும்
நொதி வேலை செய்த குழாய்களில் மஞ்சள் பூத்தது.
முதலாவது, அரைத்த மஞ்சள்.
இரண்டாவது, அதைவிடக் கொஞ்சம் தூக்கல்.
மூன்றாவது, அரிசி கழுவிய தண்ணீர்.

ஆய்வேட்டில் எழுதினேன்:
ஹார்மோன் இந்த நொதியைத் தொடுவதில்லை.
உயிரணுவுக்குள் நுழைகிறது,
அங்கே வேறொரு நொதி அதைக் கூர்தீட்டுகிறது,
கூரானது உட்கருவுக்குள் போய்
எழுது என்கிறது.
எழுதப்படுவதுதான் நொதி.
சொல்ல ஆளில்லாவிட்டால்
எழுதும் கை நின்றுபோகும்.

டார்ட்ரேட் சேர்த்தால் மிஞ்சிய மஞ்சளும் அடங்கும்,
புளியில் இருக்கும் அதே புளிப்பு.
"அப்ப என் ரசம்?"
தூக்குவாளியைத் திறந்தபடி கேட்டார் உத்திராபதி.
நசீருத்தீன் சார்கூடச் சிரித்துவிட்டார்.

ஐப்பசியில் பாமணி ஆறு
படித்துறையின் கடைசிப் படிவரை ஏறியிருந்தது.
உத்திராபதி பின்கட்டுக்குப் போனால்
வெகுநேரம் கழித்தே வந்தார்.
சர்க்கரை என்றார். பிறகு இடுப்புவலி என்றார்.
தஞ்சாவூரிலிருந்து ஒரு சீட்டு வந்தது.
என்னிடம் நீட்டினார்,
படித்துச் சொல்ல அல்ல.
"இது நம்ம மஞ்சள்தானே?"

ஆசிட் பாஸ்பேட்டேஸ்.
நான்கு வருடம் நான் எழுதிய சொல்லுக்கு எதிரே
முதன்முறையாக ஒரு பெயர், வயது, ஊர்.

எடுத்துவிடலாம் என்றார்களாம் மருத்துவர்கள்.
அவரே கையெழுத்துப் போட்டிருந்தார்.
வார்டில் செங்கமலம் அக்கா தம்ளர் கழுவப் போன நேரம்
தாழ்ந்த குரலில் கேட்டார்:
"நான் எந்தக் கூண்டு?"

ஜன்னல் கம்பியில் ஈரத்துணி சொட்டிக்கொண்டிருந்தது.

"மூணாவது."

கண்ணை மூடி யோசித்தார்.
"அதுங்க சண்ட போடாது.
தீனி மட்டும் கொறயாது.
தூங்குறப்ப ஒண்ணுமேல ஒண்ணு படுத்துக்கும்."

என் ஆய்வேட்டில் இது எங்கேயும் இல்லை.

தையில் வந்த சீட்டில் எண் இறங்கியிருந்தது.
வலியும் குறைந்தது என்றார், முழுக்க அல்ல.
அந்தக் குளிரிலும் திடீரென வேர்த்துச் சட்டை நனையும்.
விசிறிக்கொள்ள என் அட்டவணைத் தாளைக் கேட்பார்,
கொடுப்பேன்.

ஒரு சனிக்கிழமை தாமதமாக வந்தார்,
தலை ஈரம், சீயக்காய் வாசம்,
காதோரம் மினுமினுப்பு.
நான் பார்த்ததைப் பார்த்து
"வெறும் எண்ணெதான்மா" என்றார்.

புதிய தொகுதியின் இரண்டாம் கூண்டு.
வழுக்கிய விரலை எலி கடித்துவிட்டது.
ரத்தம் மணிக்கட்டுக்கு இறங்கியது, அவர் விடவில்லை.

"நீங்க ஊசியப் போடுங்க."