திங்கள், புதன், வெள்ளி

கிளினிக் கொப்பியில் என் பெயர் இல்லை,
இலக்கம்தான்.
டிக்கெட் கிழிக்கிறவனுக்கு
இலக்கத்தோடு என்ன கோவம்.

அக்கரைப்பற்று – மட்டக்களப்பு.
விடியப் போய்ப் பின்னேரம் திரும்பும் பஸ்.
இடையில் தரிக்கிற நேரத்தில்
ஆஸ்பத்திரியின் பக்கவாசலால் நுழைந்தேன்.
எங்கே வருத்தம் என்று கேட்டா டொக்டர்.
அந்த இடத்துக்கு என்னிடம் இருந்தது
ஏச்சுச் சொல் ஒன்றுதான்.
அவ சொல்லித்தந்தா: ஆசனவாய்.
என் பஸ்ஸில் ஐம்பத்திநாலு ஆசனம்.
ஒன்றுக்கும் வாயில்லை என்று நினைத்திருந்தேன்.

எச்.ஐ.வி.யோடு எட்டு வருசம் பழகிவிட்டேன்,
ஒன்பது மணிக் குளிசை, சோற்றுக்குப் பிறகு.
இது வேறு கிருமி.
பாலுண்ணி போல் முளைத்து
ஓரத்தோலின் குணத்தை மாற்றத் தொடங்கியிருந்தது.
புற்றுநோயா என்றேன்.
இல்லை, அங்க போற றோட்டில நிக்குது,
எல்லாம் கடைசி மட்டும் போறதில்லை என்றா.
விளங்கியது.
மட்டக்களப்புக்கு டிக்கெட் எடுத்துவிட்டுக்
கல்லாற்றில் இறங்குகிறவர்களை எனக்குத் தெரியும்.

கிழமைக்கு மூன்று இரவு.
சின்ன பக்கெட், உள்ளே கொஞ்சக் களிம்பு.
மெல்லிசாய்ப் பூசிப் படுத்து
விடியச் சவுக்காரம் போட்டுக் கழுவ வேண்டும்.
இது ஒண்டையும் கொல்லாது, என்றா.
உங்கட உடம்பைத் தட்டி எழுப்பி
அங்க பார் எண்டு சொல்லும், அவ்வளவுதான்.

என் உடம்புக்கா?
குளிசையின் தயவில் எழும்பி
வேலைக்குப் போகிற உடம்புக்கா
காது கேட்கும்?

ஓந்தாச்சிமடத்தில் பிரேக் அடித்தபோது
சில்லறையோடு ஒரு பக்கெட்டும் பையிலிருந்து விழுந்தது.
பள்ளிக்கூடப் பெடியன் ஒருவன் பொறுக்கித் தந்தான்:
அண்ணே, உங்கட சம்போ.
அவனிடம் காசு வாங்கவில்லை.

கண்ணாடியைத் தரையில் வைத்துக் குந்திப் பார்த்தேன்.
வெளிச்சம் போதவில்லை, துணிவும்தான்.
பிறகு றொட்னி கையுறை போட்டான்.
பிரிஜ் திருத்துகிற விரல்,
வாயு ஒழுகும் துவாரத்தைத் தடவித் தேடும் விரல்.
கல்முனையில் வீட்டுச் சொந்தக்காரருக்கு
அவன் என் மச்சான்.
பூசுகிற இரவுகளில் வேறு தொடுகை கூடாது என்று
கொப்பியில் எழுதியிருந்தது.
அவனே அதை இரண்டு தரம் வாசித்தான்,
பகிடி விடாமல்.

நாலாம் கிழமை எரியத் தொடங்கியது.
கொச்சிக்காய் அரைத்த கை மாதிரி என்பார்கள்,
ஆனால் இது கை இல்லையே.
கொண்டக்டர் நிற்கப் பிறந்தவன், நின்றேன்.
நிலாவணையில் ஏறின மனிசி
பக்கத்துச் சீற்றைத் தட்டிக் காட்டி
சும்மாதானே தம்பி கிடக்கு, இரிங்களன் என்றா.
சிரித்துக்கொண்டே
மிச்சக் காசை இரண்டு தரம் எண்ணிக் கொடுத்தேன்.

தாங்கேலாமல் ஒரு செவ்வாய்க்கிழமை கிளினிக்குக்குப் போனேன்.
மிஸ்ஸி விளக்கை இழுத்துக் குனிந்து பார்த்தா.
சிவந்திருக்கு, என்றா.
பிறகு,
நல்லம்.

சுவருக்கு முகம் திருப்பிப் படுத்திருந்தேன்.
அந்த இடத்தைப் பார்த்து
ஒருவரும் சொல்லியிராத சொல்.
உடம்பு கேட்டிருக்கிறது.
கோவமாய்த்தான், என்றாலும்
பதில் சொல்லியிருக்கிறது.

ஒரு கிழமை ஆறவிட்டுத் தொடரச் சொன்னா.
திரும்பவும் சதை கிள்ளிப் பரிசோதிக்க வேண்டுமாம்,
அதற்குத் திகதி இன்னும் போடவில்லை.
என்ன வரும் என்று டொக்டரும் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.

அலுமாரிக்குள் ஏழு பக்கெட் மிச்சம்.
இன்றைக்கு வெள்ளி.
குசினிக்குள்
றொட்னி கை கழுவுகிற சத்தம்.